மிகுதி

பகலில் ஆரைப்பற்றைச் சங்கக்கடையில் விலை எழுதுகிறேன்,
இரவில் கல்லடிக் கொட்டகை வாசலில்
படத்தின் பெயர் எழுதுகிறேன்.
சோக்குக் கட்டி ஒன்றுதான்.
அது சங்கத்துக் கணக்கில் வாங்கியது என்பது
மனேச்சர் மாசிலாமணிக்குத் தெரியாது.

அரிசிக்கு நேரே இருந்த இருபத்தைந்தை
ஆடி மாதம்வரை நான் அழித்ததில்லை.
சாரல் பட்டு மங்கினால்
மேலால் ஒருமுறை இழுத்துவிடுவேன், அவ்வளவுதான்.
சீனி ஏறும், இறங்கும்.
மண்ணெண்ணெய்ப் பீப்பாய் வரும், வராது.
கொத்து அரிசி இருபத்தைந்து சதம் என்பதோ
வாவிக்கு இக்கரை அக்கரை என்பதுபோல.

கலரி முப்பது சதம். பாட்டுப் புத்தகம் பத்து.
"மணலில் குந்தியிருக்க அரிசியைவிடக் கூடவா?"
என்று கேட்டுக்கொண்டே
தையற்கார ரொசைரோ வரிசையில் முதலாளாய் நிற்பார்.
கதாநாயகனின் கொலரைப் பார்க்காமல்
தீபாவளிச் சட்டை வெட்ட முடியாதாம்.
பொழுதுபோக்கு இல்லையாம், தொழிலாம்.

அன்று காலை கடிதம் வந்தது.
மனேச்சர் வாசித்தார்,
கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி வாசித்தார்.
"எழுது தம்பி."
ஏழு போட்டேன். பக்கத்தில் சைபர்.
கை பழகாத ஏழு,
கொஞ்சம் சாய்ந்து நின்றது.

"ரெண்டை ஏழாப் போட்டுட்டியாகா?"
வள்ளிப்பிள்ளைதான் கேட்டாள்.
இல்லை என்றேன்.
"அப்ப அந்த அஞ்சு எங்க?"

சேலை முடிச்சில் எழுபத்தைந்து சதம்,
மூன்று கொத்துக்கு எண்ணி முடிந்தது.
ஒரு கொத்து அளந்தேன்,
கூப்பனில் வெட்டினேன்,
மிகுதி என்று மேசையில் வைத்தேன்
சதுரமான ஓர் ஐந்து சதத்தை.

அதை எடுத்தது தாயில்லை, மகள் நேசம்.
பள்ளிக்கூடத்தில் பணிஸ் நின்றுபோன பிள்ளை.
என் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த
பாட்டுப் புத்தகத்தைக் காட்டினாள்.
பத்துச் சதம் என்றேன்.
"பாதி தாங்க."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
நடுக்கம்பியோடு கிழித்தேன்.
பாட்டெல்லாம் எனக்கு, கதைச்சுருக்கம் அவளுக்கு.
தாய் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கிழமையும் கலரி நிரம்பியது.
நாயகி ஊஞ்சலில் வந்தாள், விசிலில்லை.
வில்லனின் வாள் உடைந்தது, விசிலில்லை.
கலியாணப் பந்தியில்
தலைவாழையிலை விரித்து
வெள்ளைச் சோற்றைக் குவித்தார்களே,
கூடாரம் கிழிந்துவிடும்போல் விசிலடித்தார்கள்.
கொலரைக் கவனிக்கவில்லை என்று
ரொசைரோ மறுநாள் ஒப்புக்கொண்டார்.

சலூன் ரேடியோவில்,
கொழும்பில் கடையடைப்பு, ரயில் ஓடவில்லை என்றார்கள்.
உடனே ஒரு காதல் பாட்டுப் போட்டார்கள்.
பாதி முகத்தில் சவர்க்காரத்தோடு
சாமித்தம்பி எழும்பி நின்றான்,
கொஞ்ச நேரம் நின்றான்,
பிறகு இருந்தான்.

விடிந்து கடை திறந்தால்
கரும்பலகையில் எழுபதுக்குக் கீழே,
எக்கி எழுதிய கோணல் எழுத்தில்:
மிகுதியை வெளித்திரையில் காண்க.
ஒரு ள் குறைந்திருந்தது.

"யாருடைய கையெழுத்து?" என்றார் மனேச்சர்.
"சோக்கு எங்கடதுதான் ஐயா,
கை எங்கடதில்ல."
அழிக்கச் சொன்னார்.
துணியை நனைத்துக்கொண்டு வந்தேன்.

மேலே இருக்கும் விலையில் ஈரம் படாமல்
கீழ்வரியை மட்டும் துடைப்பது
நுணுக்கமான வேலை, அவசரப்பட முடியாது.
வரிசையில் நின்ற எல்லோரும்
வாசித்து முடிக்கும்வரை
துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.